நானே வந்து அழுதாலும்

பலாங்கொடையிலிருந்து மேலேறிய ஜீப், பாதை அரித்துப்போன இடத்தில் நின்றுவிட்டது. பிரதேச சபைத் தலைவி விஜயகலா இறங்கி மழையில் நடந்தாள். மண்சரிவு அதிகாரி பயாஸ் காலையில் போனில் சொன்னது காதிலேயே நின்றது.

"தோட்டத்து மேல் டிவிசன்காரங்க எறங்கவே மாட்டேங்குறாங்க மேடம். மழை பெய்யிறப்பவே மலை ஊத்துலேருந்து பீலியில வர்ற தண்ணி நின்னுச்சுன்னா, அப்புறம் ஓடக்கூட நேரம் இருக்காது."

ஏன் இறங்கவில்லை என்று அவளுக்கா தெரியாது? ஒருநாள் வெளியே போனாலும் தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பூட்டுப் போட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லியே தாத்தா தொழிற்சங்கத் தலைவரானார். அதையே சொல்லி அப்பா இராமசாமி இரண்டு தடவை மாகாண சபைக்குப் போனார். பேத்தி மட்டும் சும்மா இருப்பாளா? அதே பேச்சுக்குக் கைதட்டு வாங்கித்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நல்ல வெயில். பேசுவதற்கு என்ன வந்தது!

லயத்துக் கோடியில் மூக்காயியின் ஒற்றை அறைக் காம்பரா. சுவர் வெடிப்பில் விரல் நுழைந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் குடும்பத்துக்கு முதல் மாலை போடுகிறவள் மூக்காயி. அவள் அசைந்தால் லயமே அசையும்.

"எல்லாரும் எறங்குங்க. ஸ்கூல்ல எடம் போட்டிருக்கு. கெஞ்சிக் கேக்குறேன்."

மூக்காயி சிரித்தாள். "தோட்டத்துத் தொரை உங்களையும் மெரட்டி அனுப்பிட்டாராம்மா?"

"இல்லக்கா, மலை வெடிச்சிருக்கு. நான்தானே சொல்றேன்!"

"நீங்கதான் சொன்னீங்க, கோயில் மேடையில. யாரு வந்து கூப்பிட்டாலும் எறங்காதீங்க, நானே வந்து அழுதாலும் எறங்காதீங்கன்னு. கை வலிக்கத் தட்டுனோமே!"

விஜயகலாவுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் அவர்கள் இன்னும் உறுதியானார்கள்.

"அழாதீங்கம்மா, எங்களுக்கு வெளங்குது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மூக்காயி குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள்.

வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"மழை இந்த ஊத்து ஊத்துது, பீலி நின்னுருச்சும்மா. அதிசயமா இருக்கு. இருங்க, கூரைத்தண்ணி புடிக்கிறேன்."

விஜயகலா அலறிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மூக்காயி மறுகையால் வாசல் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூக்காயி வெளியே போய்விடாதபடி மற்றவர்கள் ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.