கரண்ட் வந்ததும் தானாக ஓட வேண்டும்

"அம்பரீன், டிரம் தானா சுத்திடுச்சு. உள்ள ஆள் இருந்தான்."

போனில் தௌசீப் அகமது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் புரொடக்‌ஷன் மேனேஜர். எவ்வளவு நெருக்கடியிலும் குரலை உயர்த்தாத மனிதர் அன்றைக்குக் கத்தினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அம்பரீனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"எந்த டிரம், பாய்?"

"நாலாவது. கரண்ட் போச்சு. தோலு முறுக்கிக்கிட்டு வாய்ல அடைச்சிருந்தது. தேவசகாயம் பாதி உடம்பை உள்ள விட்டு இழுத்துக்கிட்டு இருந்தான். கரண்ட் வந்துச்சு. அவ்ளோதான்."

"உசுரு?"

"இருக்கு. வேலூருக்குத் தூக்கிட்டுப் போறோம். இன்னா ப்ரோக்ராம் போட்டீங்க நீங்க?"

இணைப்பு அறுந்தது.

அறை அளவுக்குப் பெரிய மர டிரம்கள் அவை. ரசாயனத் தண்ணீரில் தோலைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லும் மென்பொருளை எழுதுவது அம்பரீனின் குழு. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் போடுவது டிக்கெட். அதன்படி யாராவது புரோகிராம் கோடை மாற்றினால் மாற்றம் சரியா என்று அம்பரீன் பார்த்து அனுமதிப்பாள். இந்த வருஷம் அந்த வேலைக்குத் துணையாகச் செக்கர் என்று ஒரு மென்பொருள் வந்தது. டிக்கெட்டையும் கோடையும் தானே படித்து, கேட்டதெல்லாம் செய்யப்பட்டிருந்தால் பச்சை காட்டும். ஒன்று விட்டுப்போனாலும் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மாற்றம் உள்ளே போகாது. அது வந்த பிறகு அம்பரீன் வரிவரியாகப் படிப்பது குறைந்துபோயிருந்தது.

நாற்காலியைத் திருப்பி, ஆம்பூர் டிரம்களுக்குக் கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திறந்தாள். டிக்கெட்டை எழுதியவர் தௌசீப். கரண்ட் வந்ததும் டிரம் விட்ட இடத்திலிருந்து தானாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் தோல் திட்டுத் திட்டாகிவிடுகிறது என்று கேட்டிருந்தார். கோடை எழுதியவன் மகேந்திரன். கேட்டவை நான்கு. நான்கும் பச்சை. அனுமதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

மகேந்திரன் பின்னால் வந்து நின்றான்.

"டிக்கெட்ல இருந்ததைத்தான் எழுதினேன், மேடம்."

"தெரியும்."

பச்சைகளுக்குக் கீழே 'பிற குறிப்புகள்' என்று ஒரு வரி மடங்கிக் கிடந்தது. அதைத் தட்டினாள். விரிந்தது.

கரண்ட் வந்ததும் யாராவது பட்டனை அழுத்தும்வரை டிரம் காத்திருக்கும்படி பழைய கோடில் இருந்தது, இந்த மாற்றத்தில் அது நீக்கப்பட்டிருக்கிறது, அது வேண்டுமா வேண்டாமா என்று டிக்கெட்டில் சொல்லப்படவில்லை என்று செக்கர் எழுதியிருந்தது.

செக்கர் சொல்லியிருக்கிறது. சொல்லியும் அவள் திறந்து பார்க்கவில்லை.

மகேந்திரனும் படித்தான். குடியாத்தத்துக்காரன். வீட்டில் பவர்லூம் ஓடிய சத்தத்தில் வளர்ந்தவன்.

"எங்க வீட்ல கரண்ட் போனா அப்பா முதல்ல தறி சுவிட்சைத்தான் ஆஃப் பண்ணுவாரு, மேடம். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். தெரிஞ்சும் எழுதியிருக்கேன்." அடுத்த நொடி அவன் முகமே மாறிப்போனது. "மேடம்... பேரணாம்பட்டுலயும் இதே கோடுதான் ஓடுது."

அம்பரீன் போனை எடுத்தாள். பேரணாம்பட்டு டேனரியின் சூப்பர்வைசர் அப்துல் சமத் மெதுவாகத்தான் எடுத்தார்.

"சமத் பாய், கரண்ட் இருக்கா?"

"காலைலேர்ந்து போயிப் போயி வருது, பேஜார். இப்ப இல்ல. ஏன்மா?"

"டிரம் உள்ள யாராவது இருக்காங்களா?"

"ரெண்டாவதுல ஒரு ஆள் எறங்கிக் கழுவிட்டு இருக்கான்."

"டிரம் லைன் மெயினை ஆஃப் பண்ணுங்க. இப்பவே! போனை வெக்காதீங்க!"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. செருப்பு தடதடவென்று ஓடும் சத்தம். உருதுவில் யாரையோ அதட்டினார். இரும்பு லீவர் டமாரென்று இறங்கியது. அம்பரீன் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

சமத் மூச்சு வாங்கினார். எங்கோ ஒரு ஃபேன் முனகத் தொடங்கியது.

"மா," என்றார். "கரண்ட் வந்துடுச்சு மா."

"அந்த ஆள்?"

"உள்ளதான் இருக்கான். ஒண்ணும் ஆவல. ஏன் கத்தறீங்கன்னு என்னைக் கேக்கறான்."

அம்பரீன் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆம்பூரிலும் விபத்துக்குப் பிறகு மெயினை இறக்கியிருந்தார்கள். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? தோல் கெட்டுப்போகிறதே என்று யாராவது போட்டுவிட்டால்? இருவரும் உட்கார்ந்து, நீக்கிய காத்திருப்பை மறுபடியும் எழுதினார்கள். சின்ன வேலைதான். அனுப்பினார்கள்.

சிவப்பு.

'தானாக ஓட வேண்டும்' என்ற தேவை நிறைவேறவில்லை என்றது செக்கர். மகேந்திரன் திரையையே பார்த்தான். "ஆளை அடிச்சதுக்குப் பச்சை. இதுக்குச் சிவப்பா?"

சிவப்பை மீறி மாற்றத்தை உள்ளே அனுப்பும் அதிகாரம் சென்னை ஆபீசில் இருந்தது. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. டிக்கெட்டை மாற்றினால் போதும். அதை எழுதியவர்தான் மாற்ற முடியும்.

தௌசீப் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்.

"இப்ப டிக்கெட்டை மாத்தினா தப்பு எங்க மேலன்னு ஆயிடும்மா. ஓனரைக் கேக்கணும்."

"தப்பு என் மேலயும் இருக்கு, பாய். படிக்காம பச்சையைப் பாத்து அமுக்கிட்டேன். அதை நான் எழுத்துலயே தர்றேன். பேரணாம்பட்டுல இன்னொரு ஆள் இப்பதான் தப்பிச்சான். நீங்க ஓனரைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள யாராவது மெயினைப் போட்டுட்டா?"

அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

"சொல்லு," என்றார் கடைசியில். "இன்னா எழுதணும்?"

அவள் சொல்லச் சொல்லப் போனிலேயே தட்டினார். ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை டிரம் நகரக் கூடாது. எழுத்துப் பிழையோடு வந்து விழுந்தது அந்த வரி. செக்கர் பச்சையானது. அம்பரீன் உடனே அனுமதிக்கவில்லை. மகேந்திரனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, முதல் வரியிலிருந்து கேட்டாள். மடங்கிக் கிடந்த குறிப்பையும் விரித்தாள். பிறகுதான் அனுமதித்தாள். இரண்டு டேனரிக்கும் அது போய்ச் சேர்ந்த பிறகு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

தேவசகாயத்துக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. விலா எலும்பும் போயிருந்தது. பக்கத்தில் நின்றவன் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் தலை தப்பியது. கையில் கம்பி வைக்க வேண்டும், முன்போல் பாரம் தூக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டிலோரம் தேவசகாயத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அம்பரீன் தான் யார் என்பதைச் சொன்னாள். நடந்தது அத்தனையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். தேவசகாயம் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"புதுசா மாத்தினீங்களா அதை?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. இந்த மாசம்தான்."

"பட்டன் அமுக்காம ஓடாதுன்னுதான் நாங்க எல்லாரும் கைய உட்டுக்கினு இருந்தோம். மாத்திட்டோம்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே மா."

தொழிலாளிகளிடம் சொல்ல வேண்டும் என்று எந்த டிக்கெட்டிலும் இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை, தௌசீபுக்கும் தோன்றவில்லை. செக்கரின் குறிப்பிலும்கூட அது இல்லை.

"சொல்லியிருக்கணும், அண்ணா," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி எழுந்து ஸ்டூலை அம்பரீன் பக்கம் நகர்த்திப் போட்டாள்.