தலைவர் அழித்த இரண்டு புள்ளிகள்

தொலைநோக்கி காட்டும் சூரியனைத் தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து நேரம் குறிப்பதுதான் அவள் வேலை. மேகம் மூடிய நாள் தவிர, பன்னிரண்டு வருடத்தில் ஒரு காலையும் தவறவிட்டதில்லை. ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். வீட்டில் அண்ணன், இங்கே சார். தலையெழுத்து, என்ன செய்ய.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, வெறிச்சென்றிருந்த இடத்தில் கடுகளவு இரண்டு புள்ளிகள் தெரிந்தன. தூசியோ என்று குழாயைத் தட்டிப் பார்த்தாள். தாளில் ஒட்டிய தூசி நின்ற இடத்திலேயே நிற்கும். இவை சூரியனோடு சேர்ந்து ஆடின. பதினொரு மணிக்குள் ஒன்றைவிட்டு ஒன்று நூலளவு விலகியும் போயின. புள்ளிகளை வரைந்து நேரத்தைக் குறித்தாள். சூரியனுக்குள்ளே முறுக்கேறிக் கிடந்த காந்தப்புலம் வளையமாக மேலே முட்டி வருகிறது. வளையத்தின் இரண்டு கால்களும் சூரியனின் பரப்பைத் துளைக்கும் இடம்தான் அந்தப் புள்ளிகள். ஒன்று வடதுருவம், மற்றது தென்துருவம். அது முளைக்கும் முதல் மணி நேரமே கையில் சிக்கியிருக்கிறது. லேசுப்பட்ட காரியமா?

அண்ணன் வந்து அவள் வரைந்த தாளைப் பார்த்தார். எட்டு மணிக்கு எடுத்த புகைப்படத்தில் புள்ளிகள் இல்லையாம். எட்டு மணிக்கு எப்படி இருக்கும்? அப்போது முளைக்கவே இல்லையே.

"தூசியெல்லாம் வரைஞ்சு என் மானத்த வாங்காதம்மா."

"தட்டிப் பாத்துட்டேன் சார். நகருது."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்," என்று சொல்லி, ரப்பரால் தேய்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தொலைநோக்கிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் மேகமும் மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை மேகம் விலகியபோது, சூரியனின் சுழற்சியோடு நகர்ந்திருந்த அந்த இடத்தில் பூமியையே விழுங்குமளவுக்குப் பெரிய கரும்புள்ளிக் கூட்டம். மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து தொலைபேசியில் அழைப்பு மேல் அழைப்பு. இது முளைத்ததை யாராவது பார்த்தீர்களா?

அண்ணன் திங்கட்கிழமைத் தாளோடு குழைந்துகொண்டு வந்தார்.

"அந்த ரெண்டு புள்ளியயும் திரும்ப வச்சிடும்மா. உன் பேர்லயே அனுப்பறேன்."

இடமும் நேரமும் அவளுக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருந்தன. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வெளியே போகாத அவள் பெயர் இப்போது போகும். கை துறுதுறுத்தது.

"இன்னிக்கு வச்சா அது பொய் சார். நாளைக்கு என் மத்த படங்கள யாரு நம்புவாங்க?"

தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: 'ஒன்பது மணிக்கு இரு புள்ளிகள் தெரிந்தன. பதினொன்றுக்குள் விலகின. தலைவர் அழித்தார்.' கீழே வியாழக்கிழமைத் தேதியைப் போட்டாள்.

"கூடப் பிறந்தவனையே இப்படி எழுதுவியா?"

"உங்க பேர எழுதல. பதவியத்தான் எழுதியிருக்கேன்," என்றவள், அவர் கண்ணெதிரிலேயே தாளை மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் உறையிலிட்டு ஒட்டினாள்.