வயித்துக்கு ஒண்ணு

மருந்துக்கடைக்காரருக்கு அலுத்துப்போய்விட்டது. நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்தால் அடுப்பில் பால் தீய்ந்து கிடக்கும், குழாய் திறந்தபடி ஓடும், பெண்டாட்டி நடுக்கூடத்தில் எதையோ தேடிக்கொண்டு நிற்பாள். எதைத் தேடுகிறாள் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். "கால் மரத்துப்போச்சுங்க, தரையே தெரியல" என்பாள். சொந்தக்காரர் அத்தனை பேர் பிறந்தநாளையும் நாக்கு நுனியில் வைத்திருந்த மனுஷி!

கடைசியில் மச்சானுக்குப் போன் போட்டார். "அம்பது வயசுகூட ஆகல, அதுக்குள்ள இப்படி. உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிடுங்க. என்னால முடியல." மாசக் கடைசியில் வருகிறேன் என்றார் மச்சான்.

அதற்குள் ஒரு கடமைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

பொய் சொல்லவில்லை பாவம். வயிற்று மாத்திரை அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. யார் எந்தச் சீட்டோடு வந்தாலும் "வயித்துக்கு ஒண்ணு" என்று சேர்த்துக் கொடுத்தே கை பழகியவர். இவள் என்றைக்கோ நெஞ்செரிச்சல் என்றாள். அன்றிலிருந்து வருஷக்கணக்காக, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அவர் கையாலேயே.

"தினம் காலைல ஒண்ணு குடுப்பாரே" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

டாக்டர் நிமிர்ந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. "வயித்து அமிலத்தை ரொம்ப வருஷம் அடக்கினா சிலருக்கு இந்தச் சத்து ஒட்டாது. நரம்பும் ஞாபகமும்தான் அடி வாங்கும். ஊசி போடுவோம். ஞாபகம் தேறிடும், காலுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

மருந்து விற்கிற மனுஷனுக்கு இது தெரியாமல் போச்சே!

ஊசி ஏற ஏற அவள் தேறினாள். பால் தீயவில்லை, குழாய் மூடியிருந்தது. கால் மட்டும் இன்னும் முழுசாக வசப்படவில்லை. அவர் நிம்மதியோடு போனை எடுத்தார். "மச்சானை வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வரட்டும்" என்றாள். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் நல்லாயிட்டியே!"

"அதனாலதான். அன்னிக்குப் போயிருந்தா நீங்க அனுப்பினதா ஆயிருக்கும். இப்ப நானே போறேன்."