புல்லுக்குள் ஒரு ரூட்டு

ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடும், அதைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்லும் இருந்தன. நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து புல்வெட்டும் மெஷினைத் தள்ளினால் அவருக்கு மூச்சு வாங்கியது.

"புல்லைப் பாத்துக்க முடியலைன்னா வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடுங்கப்பா. ஞாயித்துக்கிழமை வரேன், பேசி முடிச்சிடலாம்" என்று மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வீம்புக்கு மெஷினை எடுத்தவர், கால்வாசிகூட வெட்டாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "ஏங்க, அத்தனை வருஷமும் ஊர் பூராவுமா பஸ் ஓட்டினீங்க? ரூட்டுல மட்டும்தானே ஓட்டினீங்க?"

டம்ளரை வாங்கவும் மறந்து அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று மகள் வந்தபோது, கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு பாதை மழமழவென்று இருந்தது. மரத்தடி நாற்காலிக்குத் திரும்பும் வளைவை அவர் வெட்டிக்கொண்டிருந்தார். மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரப் புல் காற்றில் ஆடியது.

"மீதியை எப்பப்பா வெட்டுவீங்க?"

"அது நம்ம ரூட்டுல இல்லம்மா."

அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அதை நன்றாகக் கவனித்துவிட்டுத்தான் மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, நான் இந்த ஸ்டாப்புலயே இறங்கிக்கிறேன். வீட்டை விக்கிற பேச்சை நான் விட்டுட்டேன். அம்மாகிட்ட டீ சொல்லுங்க."