ஐப்பசி முறை

அந்த கேமரா வருஷத்தில் ஆறு மாதம் எனக்கு, ஆறு மாதம் புகழேந்திக்கு. சித்திரை ஒன்றாம் தேதி அவர் கொண்டுவந்து கொடுப்பார், ஐப்பசி ஒன்றாம் தேதி வந்து வாங்கிக்கொண்டு போவார். பதினைந்து வருஷமாக இதில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

புகழேந்தி தாயில்பட்டிக்காரர். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். தீபாவளிச் சரக்கு போய் முடிகிறவரை மனுஷனுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. ஐப்பசி பிறக்கும்போது லோடெல்லாம் ஊர் தாண்டிப் போயிருக்கும். கேமராவை மடியில் வைத்துத் துடைத்துப் பார்க்க அவருக்கு அப்போதுதான் தோதுப்படும். அதனால் அந்தப் பாதி அவருக்கு.

எனக்கு சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற பிரஸ். பட்டாசுப் பெட்டிகளில் சிரிக்கிற குழந்தைகளில் பாதி எங்கள் மெஷினில் பிறந்தவை. என் பெயர் சீனிவாசகம். கோபக்காரன் என்று பிரஸ்ஸில் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் பொய் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது சாத்தூரில் ஒரு காயலான் கடையில், 1990-ல். பழைய பெட்டி கேமரா ஒன்றை நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணாச்சி, அதுல பின்மூடி வேற கேமராவோடது. பாத்து வாங்குங்க" என்றது. திரும்பினால் காக்கிச் சட்டை போட்ட வேன் டிரைவர். எனக்குச் சுருக்கென்றது. இவன் யார் எனக்குச் சொல்ல என்று நினைத்தேன். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். விருதுநகர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஒரு ஸ்டூடியோ விடமாட்டோம். "ஓடாத கேமரா இருந்தா குடுங்க" என்று கேட்டால் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சிலர் சும்மாவே தூக்கிக் கொடுத்து, இடம் ஒழிந்ததே என்று சந்தோஷப்படுவார்கள். "வீடு பூரா கேமரா, ஆனா எம்புள்ளைக்கு ஒரு நல்ல போட்டோ கிடையாது" என்று என் வீட்டுக்காரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதுவும் உண்மைதான்.

1993-ல் விருதுநகரில் ஒரு ஸ்டூடியோவை மூடினார்கள். அங்கே கிடைத்ததுதான் இந்த ரோலிஃபிளெக்ஸ். மேலும் கீழுமாக இரண்டு கண், ஜெர்மனியில் முதன்முதல் செய்ய ஆரம்பித்த காலத்தது. எனக்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். ஸ்டூடியோ வாசலிலேயே சண்டை பிடித்தோம். நான்தான் முதலில் கண்டேன் என்றேன் நான். நீங்கள் கண்டது பெட்டியை, திறந்து பார்த்தது நான் என்றார் அவர். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"எங்க ஊர் கோயில்ல ரெண்டு வகையறாவுக்கும் பூசை முறை இருக்குல்ல அண்ணாச்சி? ஒரு வகையறா முறை முடிஞ்சா சாவியை அடுத்த வகையறா கையில குடுத்துருவாக. அதுமாதிரி வச்சுக்கிருவோம்."

ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து முறை.

2003, 2004 வாக்கில் டிஜிட்டல் வந்தது. ஃபிலிம் கேமராக்களை ஸ்டூடியோக்காரர்கள் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்தது. தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமையில் இருந்த ருசி, சாக்கில் வந்து இறங்கியதில் இல்லை. அதுவும் இரண்டு வருஷம்தான். பிறகு பார்த்தால் காயலான் கடைக்காரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆன்டிக் சார், ஆன்டிக்" என்கிறான். சென்னையிலிருந்து ஏஜென்ட் வந்து அள்ளிக்கொண்டு போகிறான். இன்டர்நெட்டில் ஏலமாம். லென்ஸில் கோடு விழுந்த கேமராவை சினிமா செட்டில் வைக்கிறார்களாம், ஹோட்டல் அலமாரியில் வைக்கிறார்களாம். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்களை ஏற இறங்கப் பார்த்த அதே ஆட்கள்தான் எங்களுக்கே விலை சொன்னார்கள்.

புகழேந்தி அலட்டிக்கொள்ளவில்லை. "நாம வச்சிருக்கது போதும் அண்ணாச்சி. இனிமே சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது மட்டும் நிற்கவில்லை.

எனக்குத்தான் அது போதவில்லை. காலேஜில் படிக்கிற என் மகள் அனுப்பிரியா கம்ப்யூட்டரில் சேகரிப்பாளர்கள் கூடிப் பேசுகிற ஒரு இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். டாக்டர், வக்கீல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி என்று பெரிய பெரிய ஆட்கள். ரோலிஃபிளெக்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்துப் போட்டோம். மறுநாளே சென்னையிலிருந்து ஒரு டாக்டர் கேமராவின் நம்பரைக் கேட்டு எழுதினார். பிறகு லென்ஸில் பூஞ்சை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பூஞ்சையா? பட்டாசு காய்கிற வெயிலில் பூஞ்சை எங்கிருந்து வரும்? கொஞ்சம்கூட இல்லை என்று எழுதினோம். அவர் நம்பவில்லை. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய பிரச்சினையாம். கிட்டத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்த பிறகு என்னை 'ஐயா' என்று எழுத ஆரம்பித்தார்.

2008 புரட்டாசியில், காந்தி ஜெயந்தியை ஒட்டி, சென்னையில் பழைய கேமராக் கண்காட்சி வைக்கிறார்கள், உங்களுடையதையும் அனுப்புங்கள் என்றார் அந்த டாக்டர். கண்காட்சிக்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள், கேமராவின் படத்துக்குக் கீழே உரிமையாளர் பெயர் வரும் என்றார்.

அனுப்பிரியா டைப் செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்பா, புகழ் மாமா பேரும் போடணும்லப்பா?"

"ஒரு வரிதான் கேட்டிருக்காக. எம்பேரை மட்டும் போடு."

"ரெண்டு பேரும் ஒரு வரில அடங்கும்ப்பா."

"சொன்னதைச் செய்யி" என்று கத்தினேன். அவள் செய்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மழுப்ப விரும்பவில்லை. டாக்டர், வக்கீல் பெயர்களுக்கு நடுவில் என் பெயர் வருகிறது. அதன் பக்கத்தில் ஒரு வேன் டிரைவரின் பெயர் வந்தால் என் பெயரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். பதினெட்டு வருஷம் ஒரே ஸ்கூட்டரில் போன ஆளைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. என் முறை புரட்டாசி கடைசிவரை இருக்கிறது, கண்காட்சி முடிந்து அதற்குள் திரும்பி வந்துவிடும், ஐப்பசி ஒன்றாம் தேதி எதுவும் நடக்காத மாதிரி கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கேமராவை நானே பேக் செய்தேன். துணி சுற்றி, பஞ்சு வைத்து, எங்கள் வீட்டில் இருந்ததிலேயே கெட்டியான அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, மேலே 'கண்ணாடிப் பொருள், கவனம்' என்று எழுதினேன். பார்சல் ஆபீசில் பையன் எடை போட்டு ரசீது கொடுத்தான்.

அந்த அட்டைப்பெட்டி அணுகுண்டு வெடி வந்த பெட்டி. நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் அணுகுண்டு என்று போட்டு, வெடித்துச் சிதறுகிற படம் வேறு. அந்த லேபிளே எங்கள் பிரஸ்ஸில் அடித்ததுதான். எங்கள் ஊரில் கல்யாணச் சீர் பலகாரம் போவது பட்டாசுப் பெட்டியில். பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகம் பரணில் கிடப்பது பட்டாசுப் பெட்டியில். அதில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை, எடை போட்ட பையனும் படிக்கவில்லை. சென்னை பார்சல் குடோனில் படித்திருக்கிறார்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து வந்த பெட்டி, மேலே அணுகுண்டு, உள்ளே இரும்பு மாதிரி கனம். பார்சலில் பட்டாசு அனுப்பக்கூடாது என்று சட்டம். பிரித்துப் பார்க்கவும் பயம். குடோனில் இருந்தவர்கள் பெட்டியோடு தூக்கித் தண்ணீர் டிரம்மில் போட்டு, மேலே கல்லையும் வைத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஊரிலும் சந்தேகப்பட்ட சரக்கை முதலில் தண்ணீரில்தான் முக்குவோம்.

புரட்டாசி பத்தொன்பதாம் தேதி கேமரா திரும்பி வந்தது. மேல்தோல் உரிந்து தொங்கியது. இரண்டு கண்ணும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தன. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒன்றும் நகரவில்லை. அன்றைய தபாலில் கண்காட்சிப் புத்தகமும் வந்தது. பளபளவென்ற தாளில், நாங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருந்த படம் முழுப்பக்கத்துக்கு, கீழே என் பெயர் மட்டும். எத்தனை நாள் ஆசைப்பட்ட பக்கம் அது. ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஐப்பசி பிறக்கிறவரை சும்மா இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். கை தவறித் தொட்டியில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு தாயில்பட்டிக்குக் கிளம்பினேன். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

புகழேந்தி வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, வாங்க. நானே வரலாம்னு இருந்தேன். சாப்பிட்டீகளா?" என்றார். அவருடைய மனைவி வள்ளித்தாய் பாயை விரித்தாள். நான் துண்டைப் பிரித்துக் கேமராவை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் முகம் மாறிப் போனது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். "தண்ணி பட்டு எத்தன நாளாச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்தார். அவர் கழற்றக் கழற்ற நான் சொன்னேன். கண்காட்சி, அட்டைப்பெட்டி, டிரம் எல்லாம் சொன்னேன். உங்களிடம் கேட்காமல் அனுப்பியது தப்பு என்றும் சொன்னேன். பெயர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அணுகுண்டு பெட்டி என்றதும் அவர் கை நின்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட, நானா இருந்தாலும் அதுலதான் அண்ணாச்சி கட்டியிருப்பேன். எங்க வீட்ல எம்மக சர்டிபிகேட்டே புஸ்வாணப் பெட்டிலதான் கெடக்கு." உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "ஷட்டர் துருப்பிடிச்சிருச்சு. லென்ஸ் ஒட்டு விட்டுருச்சு. இனி இது படம் எடுக்காது. போகட்டும், வேணும்னா செஞ்சீக? மனசப் போட்டு அலட்டிக்காதீக."

வள்ளித்தாய் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மூன்று நாளில் தொண்டையில் இறங்கிய முதல் வாய் அதுதான். அத்தோடு எழுந்து வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

புகழேந்திக்கு திடீரென்று ஒரு யோசனை வந்தது. "அண்ணாச்சி, கேமரா போய்ச் சேராட்டியும் பேரு முன்னாடியே குடுத்திருப்பீகள்ல? புஸ்தகம் கிஸ்தகம் ஏதும் போட்டாகளா? நம்ம பேரு அச்சுல வந்திருக்குமே. எழிலுக்குக் காட்டணும். 'ஞாயித்துக்கிழமையானா எங்கப்பா போறீக'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

எழில் அவருடைய மகள். கதவோரம் நின்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். புத்தகமே போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வந்த பொய்யைச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

"போட்டாக புகழு. எம்பேரை மட்டும்தான் குடுத்தேன்."

"மறந்துட்டீகளோ?"

"இல்ல."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவருக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. கழற்றிய ஆணிகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அதனதன் இடத்தில் வைத்து முடுக்கினார். உரிந்த தோலை விரலால் அழுத்திவிட்டார். என் துண்டிலேயே சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இனிமே இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"புகழு, ஐப்பசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. முறை ஒங்களுது."

"முறையெல்லாம் ரெண்டு பேருக்கும் சொந்தமா இருந்தாத்தான."

நான் எழுந்தேன். அவரும் எழுந்து வாசல் வரை வந்தார். கழுவி விட்ட தண்ணீரில் தெரு சகதியாகக் கிடந்தது. ஸ்கூட்டரை அவரே பிடித்துத் திருப்பி, காய்ந்த இடத்தில் நிறுத்திக் கொடுத்தார்.

"பாத்துப் போங்க, முதலாளி."

என் பிரஸ்ஸில் இருபது பேர் தினமும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். புகழேந்தி கூப்பிட்டது அன்றைக்குத்தான். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வண்டியைக் கிளப்பினேன்.