பாஸ்கா போறணையில் இருந்தபோது

ஸ்டுட்கார்ட்டில் ட்ராம் திரும்பும் முனையில் ஹலீனாவின் உக்ரேனியப் பாண்கடை முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. கறுப்புப் பாண், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று அவர்கள் சனத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அதில் இருபது வருடம் மாக் குழைத்தது தேவமலரின் கை. புட்டுப் பதம் மறந்தாலும் மறக்கும், இவளுக்குப் பாஸ்காப் பதம் மறக்காது என்று கணவர் விஜயரத்தினம் பகிடி விடுவார்.

பாஸ்கா என்பது ஈஸ்டருக்குச் செய்யும் உயரமான இனிப்புப் பாண். அது போறணை அடுப்பில் வேகும்வரை சத்தம் கூடாது, கதவை அடிக்கக் கூடாது, கெட்ட செய்தி வாயில் வரக் கூடாது. வந்தால் பாண் அமுங்கிவிடும், குடும்பத்துக்கும் ஆகாது. ஹலீனா கைபேசியை அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாள்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. தேவமலர் பாய்ந்து எடுத்தாள். போர்முனைக்கு அண்மையிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தாதி ஒருத்தி பேசினாள். ஹலீனாவின் ஒரே மகன் ரோமானுக்குக் காயம். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்கு முன் தாயின் குரலைக் கேட்க வேண்டுமாம். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்தக் கடை எண் மட்டும்தான். தாய் உடனே எடுக்க வேண்டும் என்று எண் ஒன்றையும் சொன்னாள்.

தேவமலர் எண்ணைப் பாண்பையில் எழுதிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹலீனா போறணை முன்னால் கும்பிட்டபடி நின்றாள். அறுபத்தெட்டு வயது, நேற்றிலிருந்து விரதம். போன வருடம் தம்பி செத்த செய்தி கேட்டு மேசை விளிம்பில் விழுந்து நெற்றி பிளந்தவள். தேவமலர் பின்வாசலுக்குப் போய்க் கணவரைக் கைபேசியில் அழைத்தாள்.

"காயம்தானே? உயிரோட இருக்கிறான்தானே?"

"ஓம்."

"பிறகேன் அந்தரப்படுறீர்? வெறும் வயித்தில சொல்லிப்போடாதையும். பாண் வெளியில வரட்டும். மனுசிக்கு ஒரு தேத்தண்ணி குடுத்துப்போட்டுச் சொல்லும்."

எங்கள் சனம் துக்கத்தைக்கூட ஆறவைத்துத்தான் பரிமாறும். தகப்பன் இறந்ததைத் தேவமலருக்குச் சொன்னதே, அவள் பிள்ளை பெற்று எட்டு நாள் கழித்துத்தான். அதை அவள் இன்றைக்கும் அன்பென்றே சொல்வாள். அந்த அன்பை நம்பித்தான் இப்போதும் வாயைக் கட்டிக்கொண்டாள்.

பாஸ்காக்கள் வெளியே வந்தன. ஹலீனா சீனி போட்ட தேநீரைப் பாதி குடித்தாள். பத்து பத்துக்குத் தேவமலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஹலீனா விழவில்லை. நேரே போய் எண்ணை அழுத்தினாள். தாதியின் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. இருபது வருடத்தில் தேவமலருக்கு அந்த மொழி விளங்கும், விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. ஒன்பதே முக்கால் வரை பையன் தொலைபேசியைக் கையை விட்டு இறக்கவில்லை என்றாள் தாதி. அதற்கு மேல் வைத்தியர் பொறுக்கவில்லை. சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் போய்விட்டது.

ஹலீனா ரிசீவரை மெல்ல வைத்தாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தவை?"

இப்பதான் என்று ஒரு பொய் தேவமலரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஒன்பது பத்துக்கு."

"நான் இங்கதானே நிண்டனான்?"

"நீங்கள் சாப்பிடாமல் நிண்டனீங்கள். விழுந்திடுவியள் எண்டு..." தேவமலர் விம்மினாள். "உங்களில இருக்கிற அன்பிலதான்..."

வெளியே கூடைகளோடு சனம் வரிசையில் நின்றது. யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். ஹலீனா திரும்பிப் பார்க்கவில்லை.

"உன்ர அன்பு எனக்குத் தெரியும், மலர். அவனுக்குத் தெரியாதே. அம்மா எடுக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ போயிருக்கிறான்."