அடியில் கிடந்த காசு

என் கூடப்பிறந்த அக்கீலா ராத்தா மௌத்தாகி, அவளை அடக்கி முப்பத்தெட்டு நாள். அவளுடைய ஐந்து வயது மகள் மபாஸா பேக்கரிப் பாணைத் தேநீரில் தொட்டுத் தின்பதைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை. நான் ஆக்கும் கறியை மோந்து பார்த்துவிட்டு, "இது உம்மாட கறி இல்ல சாச்சி" என்பாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனாலும் பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தில்லையடியில் பூட்டிக் கிடந்த ராத்தாவின் வீட்டு ஃப்ரிட்ஜில், அவள் கடைசியாக ஆக்கிய இறால் கறி ஒரு பெட்டி உறைந்திருந்தது. அதற்காகவே ஃப்ரிட்ஜை நிறுத்தாமல் விட்டிருந்தோம். அன்று காலை மபாஸாவோடு போய்க் கதவைத் திறந்தேன். ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் இரைந்துகொண்டிருந்தது, ராத்தா கடைசி நாட்களில் மூச்சு வாங்கியது போல.

பெட்டி கல்லாக இறுகியிருந்தது. அடுப்பில் வைத்ததும் மணம் வீடெங்கும் பரவியது. "உம்மா வந்திட்டாவா?" என்று பிள்ளை அறையை எட்டிப் பார்த்தாள்.

சோற்றுப் பீங்கானோடு உட்கார்ந்தவள் ஐஸ் தண்ணீர் கேட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் அறையை மறுபடி திறந்தபோதுதான் மூலையில் அந்தக் கோப்பையைக் கண்டேன்.

ராத்தாவின் வழக்கம் அது. கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, ஐஸின் மேல் ஒரு காசை வைப்பாள். கரண்ட் நின்று ஐஸ் கரைந்தால் காசு அடிக்குப் போய்விடும். மறுபடி உறைந்தாலும் மேலே வராது. "காசு அடியில கிடந்தா இறைச்சி, மீன் எல்லாத்தையும் கொட்டிடணும். மணத்த நம்பாத" என்பாள். "காச நட்டா மரமா மொளைக்கும்?" என்று நான் கேலி செய்வேன். அடக்கம் முடிந்த மறுநாள் நான் பார்த்தபோது காசு மேலேதான் இருந்தது. இப்போது ஐஸுக்குக் கீழே, அடியில் கிடந்தது.

பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மாவை ஜன்னலால் கூப்பிட்டுக் கேட்டேன். "இந்த மாசம் கரண்ட் ஒரு நாளும் போகல்லயே மகள்" என்றார்.

அப்படியானால் காசை இறக்கியது யார்? கறியை மோந்தேன், ஒரு குறையும் இல்லை. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று மனம் ஆசை காட்டியது. நாறினால் பயமில்லை, நாறாததுதான் பயம். பிள்ளையோ முதல் பிடியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். கையைப் பிடித்து உதறினேன்.

கறியைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினேன். "உம்மாட கறி!" என்று அவள் கதறினாள். ராத்தாவை இரண்டாம் தரம் அடக்கியது போலிருந்தது. நானும் அழுதேன். பிறகு ஃப்ரிட்ஜைக் கழுவுவதற்காக வயரைக் கழற்றிக் கதவைத் திறந்துவைத்தேன்.

பகல் பாலாவியிலிருந்து மபாஸாவின் வாப்பா, றிப்னாஸ் மச்சான், லொறியோடு வந்தார். கோப்பையைக் காட்டியதும் அவர் முகம் வெளுத்தது.

"நான்தான் செஞ்சன், அஸ்ரியா. பத்தாம் நாள் கத்தம் ஓதி முடிய இங்க வந்து படுத்தன். ஃப்ரிட்ஜ் சத்தம் அவ மூச்சு வாங்குற மாதிரியே இருந்திச்சி. தாங்க ஏலாம வயரக் கழட்டினன். அடுத்த நாள் பின்னேரம் திரும்ப மாட்டினன். கறி இறுகினாச் சரிதானே எண்டு நெனச்சன்."

"இறுகினாச் சரியா? பிள்ளையப் பறிகுடுக்கப் பாத்தமே மச்சான்!" என்று கத்தினேன். "கழட்டினத ஏன் திரும்ப மாட்டினீங்க?"

அவர் குரல் தாழ்ந்தது. "கழட்டியும் சத்தம் நிக்கல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். வயர் தரையில் கிடந்தது. திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து அந்த இரைச்சல் மெல்ல வந்துகொண்டிருந்தது, ஏறி, இறங்கி.

மபாஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

"நான் தின்னல்ல உம்மா" என்றாள்.

சத்தம் நின்றது.